உப்பு ஏரியில் ஒன்றுமில்லையாம்

"1962-க்கு முன்னால் இங்கே என்ன சார் இருந்தது? ஒன்றுமே இல்லை. தண்ணீர், கோரை, கொசு. அவ்வளவுதான்."

கொல்கத்தாவின் சால்ட் லேக்கில் முப்பது வருஷமாகக் குடியிருக்கிறேன். இந்தப் பதிலை வங்காள மொழியில் கேட்டிருக்கிறேன், இந்தியில் கேட்டிருக்கிறேன், லேக் மார்க்கெட்டிலிருந்து இங்கே வீடு மாறி வந்த நம்மவர்கள் வாயால் நல்ல தமிழிலும் கேட்டிருக்கிறேன். துர்கா பூஜைக்கு பிளாக் கமிட்டி போடும் மலரில் ஒரு கட்டுரையாவது இப்படித்தான் ஆரம்பிக்கும். சென்ற வருஷம் மெய்ப்புப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. 'ஒன்றுமில்லாத சதுப்பில்' என்ற தொடர் மூன்று கட்டுரைகளில் ஏழு முறை வந்திருந்தது. அச்சுப்பிழை என்று அடித்துவிடக் கை பரபரத்தது. அடிக்கவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரை.

எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு முதலில் சொல்லிவிடுகிறேன். பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் சியால்டா ரயில் நிலைய நடைமேடையிலேயே மாதக்கணக்கில் குடும்பம் நடத்தினார்கள். மேற்கே ஹூக்ளி ஆறு. நகரம் வடக்கிலும் தெற்கிலும் நீண்டு நீண்டு மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. முதலமைச்சர் டாக்டர் பிதான் சந்திர ராய் கிழக்கே பார்த்தார். டச்சு நிபுணர்களைக் கொண்டு ஆராயவைத்தார். பிறகு யுகோஸ்லாவியாவின் 'இவான் மிலுட்டினோவிச்' நிறுவனம் வேலையை எடுத்தது. ஹூக்ளியின் அடிவண்டலைத் தூர்வாரி, தண்ணீரில் கரைத்து, குழாய் வழியே கொண்டுவந்து ஏரிக்குள் கொட்டினார்கள். தண்ணீர் வடிந்து போக, வண்டல் தங்கியது. பெல்கிரேடிலிருந்து வந்த தோப்ரிவோயே தோஷ்கோவிச் என்ற கட்டடக் கலைஞர் நகரத்தின் வரைபடத்தைப் போட்டார். வேலை தொடங்கியது 1962 ஏப்ரலில். அதே ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி, தம் எண்பதாவது பிறந்தநாளன்று, ராய் காலமானார். தாம் கேட்ட ஊரை அவர் பார்க்கவேயில்லை. அந்த ஊருக்கு அவர் பெயரையே வைத்து பிதான்நகர் என்றார்கள்.

இதில் ஒரு வரியையும் நான் மறுக்கவில்லை. ஆற்றின் அடியை அள்ளி ஏரியின் மேல் போட்டு ஊர் எழுப்புவது சின்ன வேலையல்ல. நானும் அந்த வண்டல் மேல்தான் தூங்குகிறேன். என் சண்டை அந்த ஒற்றைச் சொல்லோடு மட்டும்: 'ஒன்றுமில்லை'.

ஈ.எம். பைபாஸிலிருந்து சால்ட் லேக்குக்குள் திரும்பும் முனையின் பெயர் சிங்ரிகாட்டா. சிங்ரி என்றால் இறால். காட் என்றால் துறை. செக்டார் ஐந்தின் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பக்கத்தில் கிடக்கும் நீர்ப்பரப்பு நல்பன். நல் என்றால் நாணல்; பன் என்றால் காடு. தெற்கே போனால் நோனாடாங்கா, உவர்ப்பு மேடு. கிழக்கே மஹிஷ்பாதான், எருமை கட்டும் பட்டி. வடமேற்கில் உல்டாடாங்கா, படகைக் கவிழ்த்துப் போட்டுப் பழுது பார்த்த கரை என்று உள்ளூர்க்காரர்கள் அந்தப் பெயருக்குக் காரணம் சொல்வார்கள். கொஞ்சம் தள்ளி டேங்ரா, டாப்ஸியா. டேங்ரா என்பது நம் கெளுத்தியின் ஜாதியில் ஒரு மீன், டாப்ஸே இன்னொரு மீன். அந்தப் பேட்டைகளுக்குப் பெயர் மீனிலிருந்துதான் வந்ததா என்பதில் சண்டை போடுகிறவர்கள் போடட்டும்.

இப்போது இவற்றைத் தமிழில் வரிசையாக எழுதிப் பாருங்கள். இறால்துறை. நாணற்காடு. உவர்மேடு. எருமைப்பட்டி. ஒன்றுமில்லாத இடத்துக்கா இப்படிப் பெயர் வைப்பார்கள்? இறாலை இறக்கியவன் இருந்தால்தான் இறால்துறை. நாணல் அறுத்தவள் இருந்தால்தான் அது வெறும் புதராக இல்லாமல் நாணற்காடு. பெயர் என்பது ஒருவர் இன்னொருவருக்கு வழி சொல்லும்போது பிறப்பது. ஆளில்லாத இடத்தில் யார் யாருக்கு வழி சொன்னார்கள்?

சரி, அந்தத் தண்ணீர் என்ன செய்துகொண்டிருந்தது? இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மலர்க் கட்டுரைகள் ஓடித் தப்பிக்கும் இடம் இதுதான்.

கொல்கத்தா ஆற்றங்கரை ஊர்தான். ஆனால் அதன் தரைச் சரிவு ஆற்றை நோக்கி இல்லை. ஹூக்ளியின் கரை மேடு. அங்கிருந்து நிலம் கிழக்கே இறங்குகிறது. பெய்த மழையும் ஊர்ச் சாக்கடையும் இயல்பாகவே கிழக்கே ஓடின. வெள்ளைக்காரர்களுக்கும் இது சீக்கிரமே புரிந்துவிட்டது. 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் நிலத்தடிச் சாக்கடை கட்டியபோது அதையும் கிழக்கு நோக்கியே விட்டார்கள். கிழக்கே இருந்தது வித்யாதரி ஆறும் அதன் ஓத நீர் ஏறி இறங்கும் உப்பங்கழிகளும். கடல் தொலைவில்தான், ஆனாலும் ஓதம் இங்கே வரை எட்டியது. அதனால்தான் உப்பு. பேட்கி, பார்ஷே, இறால் என்று உவர்நீர் மீன்கள்தான் அன்றைக்கு வலையில் விழுந்தன.

ஊர்ச் சாக்கடை ஒரு பக்கம், கால்வாய் வெட்டு ஒரு பக்கம், வண்டல் ஒரு பக்கம் என்று வித்யாதரி தூர்ந்துகொண்டே வந்தது. 1928-இல் ஆறு செத்துவிட்டது என்று அரசாங்கமே அறிவித்தது. இங்கேதான் நம் மலர்க் கட்டுரையாளர் துள்ளி எழுவார்: "பார்த்தீர்களா, செத்த ஆறு, நாறிய ஏரி, இதைத் தூர்த்தால் என்ன?" ஆறு செத்த பிறகு நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் துள்ளட்டும். உப்பு வராமல் போன கழிகளில் மீன்காரர்கள் சாக்கடையைத் திருப்பி விட்டார்கள். அளந்து, பொழுது பார்த்து, மூங்கில் தட்டி வைத்த மதகு வழியாக விட்டார்கள். ஆழமில்லாத பாத்தி, வெயில் அடிவரை இறங்கும். சாக்கடையில் உள்ளதைப் பாக்டீரியா உடைக்கும், பாசி வளரும், பாசி விடும் பிராணவாயுவில் பாக்டீரியா இன்னும் வேலை செய்யும். சுமார் மூன்று வாரத்தில் கறுப்புத் தண்ணீர் பச்சைத் தண்ணீராகும். அதில் ரோகு, கட்லா, மிருகால். கரை ஓரத்தில் ஆகாயத்தாமரையை மூங்கில் கட்டி நிறுத்தியிருப்பார்கள். நம் ஊரில் ஆகாயத்தாமரை என்றால் ஜே.சி.பி. வரும். இங்கே அது அலை கரையை அரிக்காமல் தடுக்கும் வேலி, மீனுக்கு நிழல், கழிவில் கலந்த உலோகத்தை உறிஞ்சும் வேர்.

இந்த மீன்பாத்திக்கு இங்கே பேரி என்று பெயர். நம் ஏரியோடு எதுகைக்கு நிற்கிறது. வேரில் சொந்தம் உண்டா என்று மொழி அறிந்தவர்கள் சொல்லட்டும். பேரியில் வேலை செய்தவர்களுக்குப் பள்ளிப் படிப்பு இல்லை. ஆனால் இன்றைக்கும் கொல்கத்தாவின் மையப் பகுதிச் சாக்கடையில் பெரும்பங்கு பெரிய சுத்திகரிப்பு ஆலை இல்லாமல் தெளிவது, சால்ட் லேக்குக்குத் தெற்கிலும் கிழக்கிலும் மிஞ்சியிருக்கும் 250-க்கும் மேற்பட்ட பேரிகளில்தான். அதே தண்ணீர் கடைசியில் நெல்லுக்கும் காய்கறிக்கும் பாய்கிறது. ஒன்றுமில்லாத இடம்!

இன்னொரு விஷயம். மஹிஷ்பாதான் என்றேனே, அந்த எருமைப்பட்டி, இன்று பிதான்நகர் மாநகராட்சிக்குள் இருக்கிறது. 1930-இல் காந்தி தண்டிக்கு நடந்தபோது வங்காளத்தில் உப்புச் சட்டத்தை மீறிய முக்கியமான இடங்களில் அது ஒன்று. சோடேபூர் காதி பிரதிஷ்டானின் சதீஷ் சந்திர தாஸ்குப்தா தொண்டர்களோடு அங்கே வந்து உப்புக் காய்ச்சினார். நம் ராஜாஜி வேதாரண்யத்தில் செய்ததை அவர் இங்கே செய்தார். வங்காளத்து ஈரக் காற்றில் வேதாரண்யம்போல வெயிலில் உப்பு விளையாது. உவர்மண்ணைக் கரைத்து, வடித்து, அடுப்பில் ஏற்றிக் காய்ச்ச வேண்டும். அப்படிக் காய்ச்சிய ஜனங்களுக்கு மலங்கி என்று பெயர். பௌபஜாரில் மலங்கா லேன் என்று ஒரு சந்து இன்னும் இருக்கிறது. வேதாரண்யத்தில் உப்புச் சத்தியாகிரக நினைவுத் தூண் நிற்கிறது. ஊர்க் குழந்தைகளைக் கேட்டால் சொல்லும். மஹிஷ்பாதானைத் தாண்டித் தினமும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் செக்டார் ஐந்துக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பதிலாக அவர்களிடம் சொல்லி வைத்திருப்பது 'இங்கே ஒன்றுமில்லை' என்பதைத்தான்.

"கொசு இருந்ததே, மலேரியா இருந்ததே" என்பார்கள். இருந்தது. மைலாப்பூரிலும்தான் கொசு இருக்கிறது. அதற்காக மைலாப்பூரில் ஒன்றுமில்லை என்று யாராவது சொல்வார்களா?

"நிலத்துக்கு விலை கொடுத்துத்தானே வாங்கினார்கள்" என்பது அடுத்த வாதம். இது நியாயமான வாதம் மாதிரி இருக்கும். ஆனால் நிலம் எடுக்கும் சட்டத்தில் பணம் பட்டாவைத் தேடித்தான் போகும். பேரிக்குச் சொந்தக்காரருக்குப் பட்டா உண்டு. விடியற்காலை மூன்று மணிக்கு இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை இழுத்தவனுக்கு எந்தக் காகிதத்தில் பெயர் இருந்தது? கரையை மண் போட்டு உயர்த்தியவனுக்கு? மதகு திறக்கிற வேளை தெரிந்தவனுக்கு? ஒன்றுமில்லை என்ற சொல்லின் உபயோகமே இதுதான். அங்கே ஏதோ இருந்தது என்று ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி 'அது யாருடையது' என்று வரும். அந்தக் கேள்வியைத் தூர்க்கத்தான் முதல் லோடு வண்டல்.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் வரிசையில் ஒரு பழைய வீட்டுக்கு லிஃப்ட் வைத்தார்கள். வீட்டுக்காரருக்கு முழங்கால் போய்விட்டது. லிஃப்ட் குழிக்குத் தோண்டும்போது வேடிக்கை பார்க்கப் போனேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? மேலே கொஞ்சம் செங்கல் உடைசல். அதன் கீழே வெளிர்சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி மண். கையில் எடுத்தால் மினுக்கியது, அப்ரகத் துணுக்கு. மேஸ்திரி தெற்கே பாசந்திப் பக்கத்து ஆள். "கங்கா மாட்டி, தாதா" என்றார், கங்கை மண். நெற்றியில் வைத்துக்கொள்வார்போல ஒரு மரியாதை அந்தக் குரலில். இன்னும் கீழே போனதும் மண் சட்டென்று நிறம் மாறியது. கறுப்பு, பசை, ஒரு பழைய நாற்றம். அதில் விரல் நகம் அளவு நத்தைக் கூடுகள் வெள்ளை வெள்ளையாகச் செருகிக் கிடந்தன. மேஸ்திரி மூக்கைச் சுளிக்கவில்லை. ஒரு கட்டியை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, "இது பேரியின் மண், இதில் மீன் நன்றாக வளர்ந்திருக்கும்" என்றார். இரண்டு நிறத்துக்கும் நடுவில் கோடு போட்ட மாதிரி ஒரு எல்லை. அந்தக் கோட்டுக்கு மேலே உள்ளதை மட்டும்தான் எங்கள் மலர் வரலாறு என்கிறது. மறுநாள் கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள்.

அடுத்தது பெயர்ச் சண்டை. 'சால்ட் லேக் என்பது வெள்ளைக்காரன் வைத்தது, உப்பும் இல்லை ஏரியும் இல்லை, பொருளற்ற பெயர், பிதான்நகர் என்றே சொல்லுங்கள்' என்று ஒரு கட்சி இருக்கிறது. படித்த கட்சி. இவர்கள் மேல் எனக்குக் கோபம் குறைவு, ஆச்சரியம் அதிகம். லவணஹ்ரத என்று வங்காள மொழியிலேயே அந்தப் பெயர் உண்டு. அதைத் தாங்கிய பள்ளிக்கூடம்கூட இங்கே உண்டு. நம் சென்னை சென்ட்ரல் பக்கத்தில் சால்ட் கோட்டர்ஸ் என்று சரக்கு நிலையம் இருக்கிறதே, அதில் கோட்டர்ஸ் என்பது உப்புக் கொட்டாரத்தின் கொட்டாரம். பாதி ஆங்கிலம் பாதி தமிழாக ஒட்டிக்கொண்டு கிடப்பதால் அதைப் பொருளற்ற பெயர் என்று தள்ளிவிடுவோமா? அந்த ஒரு பெயர் இருப்பதால்தான் அங்கே படகில் உப்பு வந்து இறங்கியது என்று யாராவது யோசிக்கவாவது செய்கிறார்கள். புதுச்சேரியில் உப்பளம் என்ற பேட்டையில் இன்று பாத்தியும் இல்லை, உப்பும் இல்லை. பெயர் இருக்கிறது.

அரசாங்கத்துக்கே இதில் மனம் ஒன்றாக இல்லை. மாநகராட்சி பிதான்நகர், போலீஸ் கமிஷனரகம் பிதான்நகர். ஆனால் 2020-இல் திறந்த மெட்ரோவில் முதல் நிலையத்தின் பெயர் சால்ட் லேக் செக்டார் ஃபைவ், அன்றைய கடைசி நிலையத்தின் பெயர் சால்ட் லேக் ஸ்டேடியம். உல்டாடாங்கா ரயில் நிலையத்துக்கு பிதான்நகர் ரோடு என்று பெயர் மாற்றியது பழைய கதை. இன்றைக்கும் பெட்டியில் ஏறியவர் "உல்டாடாங்கா வந்தால் சொல்லுங்கள் தாதா" என்றுதான் கேட்கிறார். மனிதர்களை மதிக்கப் பெயர் வைப்பது தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் தலைவர் பெயர் வைத்த ஊர்களின் கதி நமக்குத் தெரியும். பக்கத்தில் நியூ டவுனுக்கு 2010-இல் ஜோதி பாசு நகர் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த வருஷம் ஆட்சி மாறியது, பெயரும் போயிற்று. சிங்ரிகாட்டா எந்தத் தேர்தலிலும் தோற்கவில்லை. இறாலுக்குக் கட்சி கிடையாது.

இங்கே லாபனி எஸ்டேட் என்று ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. அழகி என்று பொருள். நம் லாவண்யம்தான். லாவண்யம் எங்கிருந்து வந்தது என்று அகராதியைப் பிரித்தால் லவணம், அதாவது உப்பு. முகத்தில் 'உப்பு' இருந்தால்தான் களை என்று யாரோ ஒரு வடமொழிக்காரர் ருசித்துச் சொல்லியிருக்கிறார். பெயர் வைத்த அதிகாரி தெரிந்து வைத்தாரோ தெரியாமல் வைத்தாரோ, எனக்கு அந்தப் பேருந்து நிறுத்தத்தில் இறங்கும்போதெல்லாம் ஒரு சிரிப்பு. அமுக்கிய ஏரி, அழகியின் பெயருக்குள் புகுந்து வெளியே எட்டிப் பார்க்கிறது.

மூன்றாவது கட்சி வேறு மாதிரி. இவர்கள் வடக்குக் கொல்கத்தாவிலிருந்து வருவார்கள். "சால்ட் லேக்கில் பாடா கிடையாது. ஏ.ஏ., பி.டி., சி.கே. என்று இரண்டிரண்டு எழுத்து. தெருவுக்குப் பெயரில்லை, திண்ணையில்லை, வம்பில்லை. உயிரில்லாத ஊர்" என்பார்கள். பாடா என்றால் பேட்டை, அக்கம்பக்கம், வம்பு, உரிமை எல்லாம் சேர்ந்தது. ஒன்றுமில்லாத இடத்தில் கட்டினால் ஒன்றுமில்லாத ஊர்தானே வரும் என்பது இவர்கள் தர்க்கம். முதல் பொய்யின் மேல் மாடி கட்டுகிறார்கள்.

நெய்வேலியில் வளர்ந்த எந்தத் தமிழனும் இதை ஒப்பமாட்டான். "நான் பதினாறாம் வட்டம்" என்று அவன் சொல்லும்போது அந்த எண்ணில் பள்ளிக்கூடமும் பலாமரமும் சைக்கிளில் விழுந்த முழங்கால் தழும்பும் இருக்கும். இங்கேயும் அப்படித்தான். எழுத்து வரைபடக்காரர் போட்டது. அதற்குள் உயிரை வைத்தது குடிவந்தவர்கள். எஃப்.டி. பிளாக் பூஜைப் பந்தலைப் பார்க்க வடக்குக் கொல்கத்தாவே வரிசையில் நிற்கிறது. அந்த இரண்டு எழுத்தை இப்போது யாராவது மாற்றிப் பார்க்கட்டுமே!

எழுத்து போதாத இடத்தில் ஜனங்கள் தாங்களாகவே பெயர் வைத்துக்கொண்டார்கள். கல்லூரி இருந்தால் காலேஜ் மோர் (மோர் என்றால் முக்கு), பாங்க் இருந்தால் பி.என்.பி. ரவுண்டானாவுக்கு இங்கே ஐலண்ட் என்று பெயர். ஏரியைத் தூர்த்த ஊரில் தீவுகள்! எனக்குப் பிடித்தது டேங்க். நான்காம் டேங்க், எட்டாம் டேங்க் என்றுதான் ஆட்டோக்காரருக்கு வழி சொல்வோம். நம் ஏரி குளங்களுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் டேங்க். இங்கே டேங்க் என்றால் தூணில் நிற்கும் தொட்டி. படுத்துக் கிடந்த தண்ணீரை எழுப்பி நிறுத்தி, எண் போட்டுவிட்டார்கள்.

ஆனால் இந்த எழுத்துகளிடம் ஒரு குறை உண்டு. அதை வடக்குக் கொல்கத்தாக்காரர்கள் சொல்வதில்லை. பைபாஸுக்கும் சதுரச் சதுரமான பிளாக்குகளுக்கும் நடுவில் நெருக்கியடித்துக் கிடக்கிறது தத்தாபாத். எங்கள் வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவர்களில் பலர் அங்கிருந்துதான் வருகிறார்கள். மெட்ரோ பாலம் அந்தப் பகுதியைத் தாண்ட முடியாமல் வருஷக்கணக்கில் நின்றதே, அங்கிருந்த குடும்பங்களுக்கு மாற்றிடம் கொடுக்கும் வரை. இன்னொரு பக்கம் நயாபட்டி, சுகாந்தநகர். இவற்றுக்கெல்லாம் பெயர் உண்டு, இரண்டெழுத்து கிடையாது. எழுத்துக்குள் இருப்பவன் திட்டத்துக்குள் இருப்பவன். பெயரோடு இருப்பவன் 'ஆக்கிரமிப்பு'. எந்த ஊரிலும் பெயர் முன்னே, எழுத்து பின்னே. இங்கே மட்டும் பெயருள்ளவன் வெளியே.

தூர்த்த பிறகாவது அது காலியாக இருந்ததா? 1971-இல் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து அகதிகள் வந்து குவிந்தபோது மிகப் பெரிய முகாம்களில் ஒன்று இந்தச் சால்ட் லேக் மணல்வெளியில்தான் இருந்தது. புது நகரத்துச் சாக்கடைக்காகப் போட்டு வைத்திருந்த கான்கிரீட் குழாய்களுக்குள் குடும்பங்கள் வாழ்ந்தன. குழாய் வாயில் சாக்குத் துணி தொங்கும், உள்ளே அடுப்பு. அந்தப் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. அமெரிக்க செனட்டர் எட்வர்ட் கென்னடி அந்த ஆகஸ்டில் வங்காளத்து முகாம்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே மணல்வெளியில் காங்கிரஸ் மாநாடு. இந்திரா காந்தி தங்குவதற்காகக் கட்டிய வீடு இந்திரா பவன். பின்னாளில் அதில் குடியிருந்தவர் கம்யூனிஸ்ட் ஜோதி பாசு. இந்த முரணைப் பற்றி எழுத மலரில் எப்போதும் இரண்டு பக்கம் கிடைக்கும். குழாயில் இருந்தவர்களுக்கு அரைப் பக்கம்கூட இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. கொல்கத்தா நகரத்தையே ஜாப் சார்னாக் 1690-இல் வந்து 'நிறுவினார்' என்று முந்நூறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸவர்ண ராய் சௌதுரி குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். 2003-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், அவர் வருவதற்கு முன்பே இங்கே ஊர்கள் இருந்தன, நகரத்துக்கு நிறுவனர் என்று எவரும் இல்லை, பிறந்தநாள் என்றும் ஒன்று இல்லை என்ற முடிவுக்கு வந்தது. வங்காளிகள் அதைக் கொண்டாடினார்கள். சரியான கொண்டாட்டம். அதே ஆட்கள் ஹூக்ளியிலிருந்து நாலு மைல் தள்ளி வந்ததும், ஒரு மனிதர் ஒன்றுமில்லாததிலிருந்து ஊரைப் படைத்தார் என்று மலர் போடுகிறார்கள். சார்னாக்குக்கு ஒரு நியாயம், ராய்க்கு ஒரு நியாயம்.

பழைய கதையைக் கிளறுவதால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். பழைய கதையாக இருந்தால் நான் மெய்ப்பைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். 'ஒன்றுமில்லை' இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. 1990 வாக்கில் மிஞ்சிய பேரிகளில் ஒரு பகுதியைத் தூர்த்து உலக வர்த்தக மையம் கட்ட மாநில அரசு நினைத்தது. காரணம்? அங்கே சும்மா கிடக்கும் தண்ணீர்தானே. 'பப்ளிக்' என்ற குடிமக்கள் அமைப்பு வழக்குப் போட்டது. 1992-இல் நீதிபதி உமேஷ் சந்திர பானர்ஜி அந்த நிலத்தின் பயன்பாட்டை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் துருபஜோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளரின் உழைப்பு இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில், நகரத்துச் சாக்கடை கடைசியில் எங்கே போய் என்னவாகிறது என்று கண்டுபிடிக்கக் கிளம்பியவர் அவர். கால்வாய் வழியே நடந்து போய், பேரிக்காரர்கள் செய்வதைப் பார்த்து, அவர்களிடமே பாடம் கேட்டார். அதுவரை அரசுக் கோப்பில் தரிசும் சதுப்புமாக இருந்ததற்கு 'கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள்' என்று பெயர் வைத்தவர் அவர்தான். பெயர் வந்த பிறகுதான் வரைபடம் வந்தது, எல்லை வந்தது. 2002-இல் 12,500 ஹெக்டேர், உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியது. 2006-இல் தனிச் சட்டம் வந்தது. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களை நான் பைபாஸில் நிறுத்தி இடது கைப்பக்கம் காட்டுவேன், பிறகு வலது கைப்பக்கம் காட்டுவேன். பெயர் கிடைத்த தண்ணீர் ஒரு பக்கம். பெயர் கிடைக்காமல் வீடான தண்ணீர் மறு பக்கம்.

நாமும் இதில் யோக்கியர்கள் இல்லை. மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகர் கிளம்பியது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோட்டில் நின்று லேக்கைத் தேடினால் பாத்திரக் கடைதான் தெரியும். நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்ற முகவரிக்கே வாடகை கூட. 1968 உலக வர்த்தகக் கண்காட்சிக்குப் பிறகு அண்ணா நகர் ஆன இடத்தில் நடுவக்கரை என்று ஒரு கிராமம் இருந்தது. பெயரிலேயே கரை இருக்கிறது. பள்ளிக்கரணைக்கு 2022-இல் ராம்சார் தகுதி வந்தது. அதற்கு முன்பே குப்பை மேடும் கம்பெனிகளும் வந்துவிட்டன. 'ஒன்றுமில்லை' என்பதற்கு நம்மிடம் இன்னும் கூர்மையான சொல் உண்டு: புறம்போக்கு. வரி போடாத, ஊருக்குப் பொதுவான நிலம் என்று இருந்த சொல்லை வசவாக்கி வைத்திருக்கிறோம். டி.எம். கிருஷ்ணா 2017-இல் எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று அந்தச் சொல்லையே பாட்டாகப் பாடித்தான் நமக்கு அதன் அர்த்தம் ஞாபகம் வந்தது.

"அப்படியானால் வீட்டைக் காலி செய்துவிட்டு மயிலாடுதுறைக்குப் போங்களேன்" என்றார் மலர்க் கமிட்டிக்காரர் ஒருவர். நல்ல மனுஷர்தான், கேலியாகத்தான் சொன்னார். நான் காலி செய்வதாக இல்லை. வண்டலைத் திருப்பி ஆற்றில் கொட்டச் சொல்லவும் இல்லை. ராய் பெயரை எடுக்கச் சொல்லவும் இல்லை. பிளாக் வாசலில் இரண்டு எழுத்துப் போட்ட பலகை நிற்கிறதே, அதன் அடியில் இந்த இடத்தில் இருந்த பேரியின் பெயரைச் சின்னதாக எழுதலாம் என்றேன். "எந்தப் பேரி என்று யாருக்கு சார் தெரியும்?" என்றார். அவர் வாதம் வென்றுவிட்டதாக அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

எங்கள் தெருவுக்கு வாரத்தில் மூன்று நாள் மீன்கார மாஷி வருவாள். அலுமினிய அண்டாவில் உயிர் மீன். மீன் மூச்சு விட வேண்டுமே, உட்கார்ந்த இடத்தில் கை தண்ணீரைத் தட்டிக்கொண்டே இருக்கும், ஸ்வரம் போடுகிற மாதிரி. பேரம் பேசும்போதும் கை நிற்காது. அவளுக்கு அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும், சுகாந்தநகர்ப் பக்கம் வீடு. கமிட்டிக்காரர் சொன்ன மறுநாள் அவளிடம் கேட்டேன்: "மாஷி, இந்த இடமெல்லாம் முன்னால் என்ன?"

"என் மாமனார் இங்கேதான் வலை இழுத்தார், தாதா" என்றாள், ஏதோ போன வாரம் நடந்த மாதிரி. ஈரக் கையைத் தூக்கி எட்டாம் டேங்க் பக்கம் காட்டினாள். "அந்தப் பக்கம் ஆழம் ஜாஸ்தி. கட்லா அங்கேதான் கிடக்கும். இந்தப் பக்கம் முழங்கால் தண்ணீர், உங்களுக்கு இங்கே சின்ன ரோகுதான்." பிறகு அண்டாவுக்குள் கையை விட்டாள். "எவ்வளவு போடட்டும்? அரைக் கிலோவா, ஒன்றா?"